எம். கஸ்பார் என்று பெயர் வெட்டிய டப்பா

ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு இருபதுக்கு, மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஜானட் என்ற எட்டு வயதுப் பெண் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது, முதலில் தக்காளிச் சோற்றின் ஆவியும், அதற்குப் பின்னால் அவளுடைய அம்மா கரோலினின் குரலும் வெளியே வந்தன. ஆவி வழக்கம்போல் மேலே போயிற்று. குரல் நேராக வகுப்பாசிரியை தஸ்னீமின் மேஜைக்குப் போயிற்று. “திங்கக்கெயமன்னா பச்சையாம், செவ்வாக்கெயமன்னா செவப்பாம். சோறு கட்டச் சொல்றாங்களா, தோரணம் கட்டச் சொல்றாங்களா? அந்த மிஸ்ஸு டப்பால இன்னா கீதுன்னு என்னிக்காவது யாராவது தொறந்து பாத்தாங்களா?” என்று அது கேட்டது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பி மிஸ்ஸின் டப்பாவைப் பார்த்தார்கள். அதில் நான்கு பிஸ்கட்டுகள் இருந்தன. தஸ்னீம் அதை மூடிவிட்டு, ஜானட்டின் டைரியை வாங்கி, சாப்பாட்டு டப்பாவின் மூடியை இனிமேல் சரியாகப் போட்டு அனுப்பவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று காலை ஆறு நாற்பதுக்கு, ராயபுரத்தில் பனைமரத்தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்தின் கடைசி வீட்டில், டப்பாவில் சோற்றை அழுத்திக்கொண்டே கரோலின் சொன்ன வார்த்தைகள்தான் அவை. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. அந்த ஆங்கிலப் பள்ளிக்கூடம் விடுமுறை முடிந்து ஜூன் மாதம் திறந்ததிலிருந்து, எந்தக் கிழமைக்கு எந்த நிறத்தில் சாப்பாடு என்று பெற்றோர்களின் கைப்பேசிக்கு வாராவாரம் ஒரு அட்டவணை அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சோறு கட்டுகிறோம் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் செய்த கூத்து கொஞ்சமல்ல. சோற்றைக் கரடி மூஞ்சியாகப் பிடித்து மிளகில் கண் வைத்தவள் ஒருத்தி. கேரட்டை நட்சத்திரமாக வெட்டி அதைப் படம் பிடித்துப் பெற்றோரின் கைப்பேசிக் குழுவில் போட்டவள் ஒருத்தி. அந்த நட்சத்திரம் மாலையில் அப்படியே திரும்பி வந்து குப்பைக்குப் போனதைப் படம் பிடிக்க அவளுக்குத் தோன்றவில்லை. இன்னும் சில பேர் பதினொன்றரைக்கே ஸ்கூட்டியில் வந்து பள்ளி வாசலில் வெயிலில் நின்று, சூடு ஆறாத பையைக் காவலாளியிடம் கொடுத்து, அதோடு ஆயிரம் உத்தரவும் சொல்லி அனுப்பினார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பலை இறக்கவே அவ்வளவு உத்தரவு தேவைப்பட்டதில்லை என்று கஸ்பார் சொன்னார்.

கஸ்பார் கரோலினின் மாமனார். வயது எழுபது. துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் தளத்தில், திறந்த கிடங்கின் விளிம்பில் நின்றுகொண்டு, உயரத்தில் கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரனுக்குக் கையாலேயே எல்லாம் சொல்லும் வேலை. தூக்கு, இறக்கு, மெதுவாக, நிறுத்து. அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை என்பதால் அவருக்கு வாயால் பேசுகிறவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராமலே போயிற்று. நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். சட்டையைத் தானே தேய்த்துப் போடுவார். அவர் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: வீட்டுப் பேச்சு வாசற்படியைத் தாண்டக் கூடாது. அதற்காகவே தெருப்பக்கத்து ஜன்னலை அவர் ஏப்ரல் மே மாதங்களிலும் சாத்தி வைத்தார். அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் அந்தச் சாத்திய ஜன்னலுக்குள்ளேயே வாழ்ந்து, ஒன்பது வருடத்துக்கு முன்பு, அக்கம்பக்கத்துக்கு வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாமல் இறந்துபோனாள். அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் பங்குத் தேவாலயத்தின் கொடிமரம். உடைந்த கப்பல் ஒன்றின் பாய்மரத்தைக் கஸ்பாரின் கொள்ளுத்தாத்தா கொண்டுவந்து நட்டதுதான் இன்றும் கோவில் முற்றத்தில் கொடிமரமாக நிற்கிறது. ஒவ்வொரு ஜனவரியும் திருவிழாக் கொடியேற்றத்தில் கயிற்றை இழுக்கும் உரிமை அவர் குடும்பத்து மூத்த மகனுக்கு. கூடவே ஒரு நிபந்தனை. வேலை செய்கிற கைதான் அந்தக் கயிற்றைத் தொட வேண்டும். சும்மா இருக்கிற கை தொட்டால் உரிமை அடுத்த தெருக்காரர்களுக்குப் போய்விடும். உழைத்து ஓய்வு பெற்ற கைக்கு எழுபது வயது வரை மட்டும் விலக்கு. இதை ஏற்படுத்தியவரும் அதே கொள்ளுத்தாத்தாதான். தொண்ணூற்று மூன்றில், அடுத்த தெரு சாவியோவின் அண்ணன் தானும் ஒரு வருடம் கயிறு பிடிக்கிறேன் என்று கேட்டு வந்தபோது, உனக்கு எந்த வேலை இருக்கிறது, கையைக் காட்டு என்று கஸ்பார் ஊர் முன்னால் கேட்டார். அந்த மனிதன் கையைக் காட்டாமல் இறங்கிப் போனான், பிறகு கோவிலுக்கே வரவில்லை. சாவியோ காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் பார்க்கிறவர். ஐஸ் விற்கிறவர்களுக்குச் சூடு ஆறாது போலிருக்கிறது. முப்பது வருடமாக அதை மனதில் வைத்திருந்தார்.

டப்பா கஸ்பாருடையது. மூடியை அழுத்திப் பூட்டும் பிடிப்பு வைத்த, கனமான எவர்சில்வர் டப்பா. வேலைக்குச் சேர்ந்த வருடம் யானைக்கவுனிப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் வாங்கி, மூடியில் ‘எம். கஸ்பார், ராயபுரம்’ என்று பெயர் வெட்டிக்கொண்டார். முப்பத்து நான்கு வருடமும் அதைத் துறைமுகத்துக்கு எடுத்துப் போய், மூடியை நிமிர்த்தி மறைவாக வைத்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் டப்பாவில் என்ன இருந்தது என்று கூட வேலை செய்த ஒருவனும் பார்த்ததில்லை. ஜானட் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவள் அம்மா வாங்கி வைத்திருந்த, பூனைப் படம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்து, நம் வீட்டுப் பிள்ளை பூனையிடம் வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை என்று சொல்லி, இந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. மூன்று வருடம் அது பேசாமல்தான் இருந்தது. மகன் வேலையில் இருந்தவரை அடுப்படியில் ஒளித்துச் சொல்ல வேண்டிய பேச்சு ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகும் அது சில மாதம் பொறுத்துக்கொண்டது.

செவ்வாய்க்குப் பிறகு புதன்கிழமை டப்பா, கரடிச் சோறு கட்டுகிறவளைப் பற்றிப் பேசியது. அவள் மகள் மூன்றாவது பெஞ்சில் அழுதாள். வியாழக்கிழமை டப்பாவுக்குள்ளிருந்து குக்கர் மூன்று விசில் அடித்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மாமனாரைப் பற்றி வந்தது. அந்த மனுஷன் தூங்கும்போதுகூட நேராகத்தான் தூங்குகிறார், பெட்டியில் வைக்கச் சுலபம் என்று கரோலின் அடுப்பிடம் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது. இதையெல்லாம் சாவியோவின் பேரன் ஜெஸ்வின் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, சாயங்காலம் வீட்டில் ஒப்பித்தான். வாய்ப்பாடு அவனுக்கு அவ்வளவு சுலபமாக வந்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை டப்பா திறந்ததும் கரோலினின் குரல் தணிந்து, தழுதழுத்து வந்தது. “ஜெரி, எட்டு மாசமா நீ...” என்ற இடத்தில் தஸ்னீம் நான்கு எட்டில் வந்து, மூடியை எடுத்து, டப்பாவின் மேல் அழுத்தி, சாப்பாட்டு மணி முடியும் வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அன்று ஜானட் மிஸ்ஸின் பிஸ்கட்டுகளைச் சாப்பிட்டாள். எட்டு மாதமாக ஜெரி என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஜெஸ்வினின் தாத்தா அதன் பிறகு ராயபுரத்தில் ஏறி இறங்காத வாசல் இல்லை.

ஜெரி கஸ்பாரின் ஒரே மகன். மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளன். நவம்பரில் அந்த யார்டு கைமாறியதும் முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் அவனும் ஒருவன். அவன் கொடுத்துவிட்டு வந்த சீருடைக்குப் பதிலாக அதே நிறத்தில் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தது கஸ்பார். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை வேண்டுமே என்று அவன் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் போட்டு நாடாவில் கோத்துக் கொடுத்ததும் அவரே. ஜெரி காலை ஏழேகாலுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பி, ரயிலேறி, எண்ணூரில் இறங்கி, முகத்துவாரக்குப்பத்துக் கரையில் போய் உட்கார்ந்து, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை மாலை வரை பார்த்துவிட்டு, களைத்துத் திரும்பி வந்தான். ஒன்றும் செய்யாமல் அவ்வளவு களைத்து வர அவனால்தான் முடிந்தது என்று கஸ்பார் நினைத்தார். வரும் ஜனவரியில் கயிறு அவர் கையிலிருந்து அவன் கைக்கு மாற வேண்டிய வருடம். வேலை போன கதை அதற்குள் வெளியே தெரிந்தால், சாவியோ கையைக் காட்டு என்று கேட்பார். கஸ்பாருக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அந்த ஒரு வாக்கியம்தான்.

பள்ளியில் அவரையும் கரோலினையும் வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவுக்குள் கைப்பேசிச் சில்லு எதுவும் ஒளித்து வைக்கவில்லையே என்று கேட்டாள். அவர் டப்பாவை வாங்கிப் பிடிப்பையும் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, தகடு நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் பள்ளிக்கூடத்துக் கதவைவிட இது நன்றாக மூடுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார். டப்பா பேசியதில் அவருக்கு வியப்பு இல்லை. அது என்ன பேசியது என்பதில்தான் அவமானம். வீட்டுக்கு வரும் வழியிலேயே கரோலின் வேறு டப்பா மாற்றிவிடலாம் என்றாள், பூனை டப்பா பரணில் இருக்கிறது என்றாள். நியாயமான யோசனை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். கஸ்பார் கேட்கவில்லை. தன் பெயர் வெட்டிய டப்பாவைப் பரணில் போட்டால் குற்றம் டப்பாவினுடையது என்று ஆகிவிடும், குற்றம் வாயினுடையது என்று அவர் தீர்மானித்தார்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரை முதல் ஏழு வரை அந்த வீட்டில் பேச்சு நிறுத்தப்பட்டது. குக்கரும் நிறுத்தப்பட்டது, சோறு பானையில் வடிக்கப்பட்டது. கஸ்பார் அடுப்படி வாசலில், கிடங்கின் விளிம்பில் நின்றதுபோல் நின்றுகொண்டு, துறைமுகக் கையசைவில் சமையலை நடத்தினார். ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் பானையைத் தூக்க வேண்டும். கீழே காட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் நிறுத்த வேண்டும். தாளிப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளித்தார்கள். கரோலின் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அவர் அறியாத ஒன்றிரண்டு அசைவுகளை அவளே சேர்த்துக்கொண்டாள், அவற்றை அவர் முதுகுக்குப் பின்னால்தான் செய்தாள்.

டப்பா இப்போது அந்த அமைதியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிற்று. பன்னிரண்டு இருபதுக்கு ஜானட் மூடியைத் திறந்ததும் மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவில் சத்தம் அற்றுப்போயிற்று. பிள்ளைகளின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது, அதுவும் கேட்கவில்லை. ஜெஸ்வின் தண்ணீர் பாட்டிலைக் கீழே தள்ளிப் பார்த்தான், அது பஞ்சில் விழுந்ததுபோல் விழுந்தது. டப்பாவை மூடினால் இரைச்சல் திரும்பி வந்தது. தலைமையாசிரியைக்கு இதைவிட நல்ல செய்தி அந்தக் கல்வியாண்டில் வரவில்லை. காலாண்டுத் தேர்வின்போது ஜானட்டைக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்து டப்பாவைத் திறந்து வைக்கச் சொன்னாள். கல்வி அதிகாரி பார்வைக்கு வந்த நாளில் வராந்தாவில் வைத்தாள். ஒழுக்கத்துக்கான கோப்பையை அந்த வகுப்புக்குக் கொடுத்தாள். ரூபினா என்ற ஒரு தாய், தன் மகளுக்கும் இப்படி ஒரு டப்பா எங்கே கிடைக்கும் என்று கஸ்பாரிடம் வந்து கேட்டாள். டப்பா கடையில் கிடைக்கும், குடும்பம் கிடைக்காது என்று அவர் பதில் சொன்னார். அந்த ஐந்து மாதம் அவர் தெருவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்லுவார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு, கோவிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில் ஜானட்டிடம் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்தார்கள். வீட்டில் தண்ணீர் வேண்டும் என்பதை அவள் கையால் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்தார்கள். கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் அவள் வாயைத் திறந்தபோது இரு பக்கமும் நின்ற பிள்ளைகளின் குரலும் சேர்ந்து காணாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, உபயோகிக்காத புதுத் தொண்டைபோல் இருக்கிறது என்றார். அரையாண்டு விடுமுறை முடிந்த வாரம் தஸ்னீம் வீட்டுக்கே வந்தாள். வண்ணாரப்பேட்டைக்காரி, அத்தரும் ஜவுளியும் விற்ற குடும்பம், சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இல்லை. நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்த கஸ்பாரைப் பார்த்துச் சொன்னாள். “புள்ளைக்கு வியாதி ஒண்ணும் இல்ல சார். அஞ்சு மாசமா நீங்க கட்டிக் குடுத்ததத்தான் அது துன்னுகினு கீது.”

அன்றிலிருந்து பேச்சு அனுமதிக்கப்பட்டது. கரோலினும் ஜெரியும் டப்பாவின் இரு பக்கமும் நின்று, இன்றைக்கு நல்ல காற்று, பீன்ஸ் பிஞ்சாகக் கிடைத்தது, பாடம் நன்றாகப் படிக்க வேண்டும் என்று வானொலியில் பேசுகிறவர்களைப்போல் பேசி மூடியைப் போட்டார்கள். டப்பா அதை மதிக்கவில்லை. பள்ளியில் திறந்தால் பழைய அமைதியே வந்தது. மூன்றாம் நாள் காலை கரோலின் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள். “ஷோக்கு காட்ற பேச்செல்லாம் அதுக்கு வாணாம் மாமா. நாம எத மறைக்கிறமோ அதக் கேக்குது. சொல்லிர்லாம் மாமா. ஜெரிக்கு வேல இல்லன்னு சொன்னா இன்னா, ஆகாசம் இடிஞ்சி வுயுந்துருமா?” கஸ்பார் நாள்காட்டியைப் பார்த்தார். கொடியேற்றத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம், கயிறு கைமாறிய பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றார். ஒரு மாதமாகப் பேசாதவளுக்குப் பன்னிரண்டு நாள் ஒரு பொருட்டா என்றும் கேட்டார். கரோலின் அவர் முகத்துக்கு நேராகவே அவள் சேர்த்துக்கொண்ட அசைவுகளில் ஒன்றைச் செய்துவிட்டு உள்ளே போனாள். ஜெரி பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

மறுநாள் காலை ஜானட் தானே டப்பாவை மூடப் போனாள். பழைய பிடிப்பு, கனம். அது சடாரென்று விழுந்து அவள் சுண்டுவிரலைக் கவ்வியது. அவள் வாய் காதுவரை திறந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கஸ்பார் ஆறடி தூரத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாளைத் திருப்பும்போதுதான் பார்த்தார். பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு, பிடிபடாத கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்துக்கொண்டு நின்றாள். துறைமுக அசைவு, சுத்தமாகச் செய்தாள். எவ்வளவு நேரமாகச் செய்துகொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த அசைவை அவர் ஒருமுறை செய்யத் தவறியிருந்தார்.

விரலில் துணி சுற்றியான பிறகு கஸ்பார் அடுப்படிக்குள் போனார். வேட்டியை மடித்துக் கட்டாமல், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போனார். கரோலினைக் கையால் விலகச் சொன்னார். டப்பாவை மேடையில் திறந்து வைத்து, தானே சோற்றைப் போட்டு, மேலே நெத்திலிக் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, சுவரைப் பார்த்து ஆரம்பித்தார். “என் பேரு கஸ்பார். ஆர்பர்ல சிக்னல்மேனு. எம்பத்தொம்போதுல பதினோரு மாசம் எனக்கு வேல இல்ல.” பிறகு விவரமாகச் சொன்னார். நிறுத்து என்று காட்ட வேண்டிய இடத்தில், கரையில் நின்ற ஒரு மேலதிகாரி தன்னைப் பார்க்கிறாரா என்று தான் திரும்பிப் பார்த்ததையும், அந்த ஒரு நொடியில் இயந்திரப் பெட்டி ஒன்று தளத்தில் மோதிச் சிதறியதையும், ஆள் யாரும் சாகாதது தன் சாமர்த்தியம் இல்லை என்பதையும் சொன்னார். பதினோரு மாதம் இடைநீக்கத்தில் இருந்ததை ஊருக்குச் சொல்லாமல், தினமும் காலையில் இந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, காசிமேட்டில் அலைதடுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்து திரும்பியதைச் சொன்னார். ஃப்ளோரன்ஸுக்கு அது தெரியும் என்றார். அவள் அந்தப் பதினோரு மாதமும் ஒரு கேள்வி கேட்காமல் டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள், சில நாள் பழைய சோறும் பச்சை மிளகாயும், சில நாள் ஒன்றும் இல்லாமல் மூடி மட்டும். அவள் பேசியிருந்தால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன் என்று தெரியவில்லை என்றார். கடைசியாக, உரத்து, ஒரு கணக்கைப் படிப்பதுபோல் படித்தார். “தொண்ணூறுல கொடிக்கயித்த இஸ்த்தது வேல இல்லாத கை. அதே கைதான் தொண்ணூத்தி மூணுல சாவியோ அண்ணனக் கைய காட்டுன்னு கேட்டுச்சு. இப்ப என் புள்ளைக்கும் வேல இல்ல. பதிமூணு மாசமாச்சு. அவ்ளோதான்.” மூடியைப் போட்டுப் பிடிப்பை அழுத்தினார். திரும்பியபோது ஜெரி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

பன்னிரண்டு இருபதுக்கு டப்பா பேசியது. கிழவரின் குரல் ஒன்பது நிமிடம் நாற்பத்திரண்டு பிள்ளைகளின் தலைக்கு மேல் போயிற்று. யாரும் வாயில் சோறு வைக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை, கோப்பை வாங்கிய வகுப்பில் இது என்ன என்று கேட்க வாயெடுத்தாள், தஸ்னீம் அவளைப் பார்த்த பார்வையில் கதவருகே நின்றுவிட்டாள். குரல் முடிந்து, நெத்திலி வாசனை மட்டும் மீதி இருந்தபோது, ஜானட் ஒரு வாய் அள்ளிப் போட்டு, மென்று, முகத்தைச் சுளித்தாள். “மிஸ், எங்க தாத்தா உப்பு போடவே இல்ல மிஸ்” என்றாள். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை இறக்கும் முன்பே அதை அவரிடமும் சொன்னாள். பிறகு பேசாமல் போன நாளுக்கெல்லாம் சேர்த்துப் பேசினாள், படுக்கும் வரை நிறுத்தவில்லை. கஸ்பார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்த எழுந்தவர், கொக்கியில் கை வைத்துவிட்டு, சாத்தாமல் வந்து உட்கார்ந்தார்.

ஜெஸ்வின் அன்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்திருப்பான் என்பதில் சந்தேகம் இல்லை, ஏனென்றால் ஏழு மணிக்கு சாவியோ வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், அதற்கென்றே துவைத்து வைத்திருந்ததுபோல் இருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. முப்பது வருடமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லத்தான் வந்தார். அவ்வளவையும் டப்பாவே சொல்லிவிட்டதால் அவருக்கு மீதி ஒன்றும் இல்லாமல் போயிற்று. “கைய காட்டு நைனா” என்று கடைசியில் சொன்னார். கஸ்பார் மீதி நெத்திலிக் குழம்புச் சோற்றிலிருந்து எழுந்து போய், இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கை தெரியக் காட்டினார். சாவியோ அவற்றை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கலீஜா கீது, மீன் கொயம்பு. போய் கயுவு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோவில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவை அந்த வாரமே கூடி, கயிற்று உரிமையை சாவியோ குடும்பத்துக்கு மாற்றி எழுதியது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். ஆனால் கஸ்பார் அதைச் சொல்லவில்லை. தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கொடியேற்றத்துக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் வேறொருவரின் முதுகு இருந்தது.

குருவானவர் கொடியை மந்திரித்துக் கொடுத்தார். சாவியோ கயிற்றை இழுத்தார். ஐஸ் கட்டியை இழுப்பதுபோல் இழுத்ததில் கொடி பாதியில் கப்பியில் சிக்கிக்கொண்டது. மேளம் நின்றது. சாவியோ இன்னும் பலமாக இழுத்தார், பாய்மரம் முனகியது. கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்து, பக்கவாட்டில் நீண்டு, கவிழ்ந்து அசைந்தது. சாவியோ பார்த்தார், நிறுத்தினார். அந்தக் கை கீழே காட்டிச் சுழன்றது. அவர் ஒரு முழம் இறக்கினார். சிக்கல் விட்டது. பிறகு விரல் மேலே திரும்பி மெதுவாக, மிக மெதுவாகச் சுழன்றது, கொடி அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு உச்சிக்குப் போயிற்று. கஸ்பார் கடைசிவரை கொடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை, யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்றும் பார்க்கவில்லை. முடிந்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அடுத்த வருடமும் அவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். கூப்பிட வந்தது ஜெஸ்வின்.

ஜெரிக்குத் தை முடிந்து திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, முன்பைவிடச் சின்ன வேலை. சட்டை நிறம் வேறு. காலையில் டப்பா கட்டுவது கஸ்பார்தான், உப்பு போட்டுவிட்டதை இரண்டு முறை சொல்லிவிட்டு மூடுகிறார், அதுவும் வகுப்பில் கேட்கிறது. ஜானட் இப்போது ஐந்தாம் வகுப்பு. பன்னிரண்டு இருபதுக்கு அந்த டப்பா திறந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் தங்கள் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். கரடிச் சோறு கட்டுகிற வழக்கம் நின்றுவிட்டது, அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பள்ளி இந்தக் கூட்டத்தைக் கால அட்டவணையில் எழுதவில்லை, எழுதாமலே நடக்கிறது. போன திங்கட்கிழமை டப்பா, காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறு என்று சொல்லிற்று. அதுவரை டப்பா சொன்னதையெல்லாம் நம்பிய வகுப்பில் ஒருவரும் அந்த விலையை நம்பவில்லை.